பேரப் பாத்தேன், நேரத்தப் பாக்கல

அக்கா, ஒரு நிமிசம். அந்தப் பேர மட்டும் அழிக்காதீங்க. இடது ஓரத்துல நம்பர் இருக்குல்ல, அதத் தொட்டு வரி முழுசையும் அழிங்க. பேர மட்டும் எடுத்தீங்கன்னா கீழ உள்ள பேரெல்லாம் ஒவ்வொரு படியா மேல ஏறிரும். பக்கத்துல உள்ள கணக்கு ஏறாம அங்கனயே நிக்கும். பெறகு இவன் பேருக்கு அவன் கணக்கு. பாத்தா ஒண்ணும் தெரியாது. எல்லாம் ஒழுங்கா இருக்க மாதிரியே இருக்கும்.

எட்டிப் பாத்தது தப்புதான். மடியில லேப்டாப்ப விரிச்சுட்டு உக்காந்திருக்கீங்க, கண்ணு தானாப் போகுது. ஒருத்தர் தப்பா செய்யறதப் பாத்துட்டு என்னால வாய மூடிட்டு இருக்க முடியாது. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். எங்கம்மா திட்டாத நாள் கிடையாது.

எப்படித் தெரியும்னா, இதான் எனக்கு வேல. வேலையா இருந்துச்சு. அஞ்சு மாசம். ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர்மாருக்கு இந்த ஷீட்ட சொல்லிக்குடுத்தேன். முப்பத்தொரு பேருக்கு. சிரிக்காதீங்க, எனக்குப் பதினெட்டு இன்னும் ஆகலதான். பேரு இசக்கிப்பிரியா. பிளஸ் டூ எழுதியாச்சு, வேதியியல்ல போச்சு. திரும்ப எழுதல. எழுதப் பிடிக்கல, அவ்வளவுதான்.

இப்ப வேல இல்ல. புளியங்குடியில ஒரு டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வாரேன். சொல்லவா? இந்தப் பஸ் சங்கரன்கோவில் வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும், வழியெல்லாம் ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான். ஆனா நடுவுல பாவம் கீவம்னு சொல்லக் கூடாது. எனக்குப் பிடிக்காது.

பள்ளிக்கூடத்துப் பேரு வேண்டாம். நான் படிச்ச பள்ளிக்கூடம்தான். கரஸ்பாண்டன்ட்டுக்கு ஒரு மகன், பெங்களூர்ல இருந்து வந்தவரு, எல்லாரும் சின்னவர்னு சொல்லுவாங்க. அவரு மே மாசம் வந்து இனிமே நோட்டு கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாதுன்னுட்டாரு. வருகைப்பதிவு, மார்க்கு, பாடக்குறிப்பு எல்லாம் ஷீட்டுல. ஒருத்தர் எழுதுறத எல்லாரும் பாக்கலாம், எல்லாரும் ஒரே நேரத்துல எழுதலாம். ஸ்க்ரீன்ல போட்டுக் காமிச்சுட்டுப் போயிட்டாரு. சொல்லிக்குடுக்க ஆள் வேணும்ல. கம்ப்யூட்டர் மிஸ் கல்யாணம் முடிஞ்சு போயாச்சு. நான் படிக்கிற காலத்துலயே ஆபீஸ் கம்ப்யூட்டர் நின்னுபோனா என்னையத்தான் கூப்பிடுவாங்க. பிளஸ் டூவுல போன பிள்ளைய வைக்கீங்களேன்னு ஹெச்.எம். கேட்டதுக்கு, இவளுக்கு வாய் இருக்கு, இவதான் சரின்னு சின்னவர் சொன்னாராம். அதக் கேட்டு எனக்குப் பெருமை வேற.

இப்ப நீங்க யோசிச்சுப் பாருங்க. செல்லத்துரை சார்னு கணக்கு சார். ஒம்பதாப்புல என்னைய முட்டி போட வச்சவரு. அவரு எங்கிட்ட வந்து, பிரியா, பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னு சொல்லுவாரா? சொல்ல மாட்டாரு. ஒரு ஆளும் சொல்ல மாட்டாங்க. நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனா எல்லாரும் டிபன் பாக்ஸத் தொறந்துருவாங்க. காலைல பத்து மணிக்கு.

ஷீட்டத் தொறந்தாலாவது எழுதுவாங்களா. அதுல இன்னொருத்தர் இருந்தா கலர் கலரா ஒரு கட்டம் தெரியும்ல, பேரோட. அதப் பாத்துட்டா போச்சு. கையக் கட்டிட்டு உக்காந்துருவாங்க. என்ன மிஸ் எழுதலையான்னா, சார் எழுதிட்டு இருக்காரும்மா, அவரு முடிக்கட்டும்பாங்க. ரிஜிஸ்டர்ல ஒருத்தர் எழுதும்போது நம்ம கையக் கொண்டு போக மாட்டோம்ல, அந்த மரியாத. கம்ப்யூட்டர்ல இருக்க கட்டத்துக்கு. அங்க சார் ஷீட்டத் தொறந்து வச்சுட்டு டீக்கடைக்குப் போயிருப்பாரு. இங்க ஏழு பேரு காத்துட்டு இருப்பாங்க. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். நெசமாவே அடிச்சுக்கிட்டேன், அவங்க முன்னாடி.

அதுல ஒருத்தங்கதான் ஆவுடைத்தங்கம் டீச்சர். அவங்களப் பத்திதான் சொல்ல வந்தேன்.

அறிவியல் டீச்சர். பத்தாப்பு பி செக்ஷன் அவங்க கிளாஸ். இருபத்தாறு வருசமா அங்க இருக்காங்க, எனக்கும் எடுத்திருக்காங்க. குட்டையா, கண்ணாடிய மூக்கு நுனியில போட்டுக்கிட்டு. அவங்க மட்டும்தான் எங்கிட்ட நேரா வந்து, ஏட்டி, எனக்கு ஒண்ணுந் தெரியாது, மொதல்ல இருந்து சொல்லுன்னு நாற்காலிய இழுத்துப் போட்டாங்க. அன்னைல இருந்து நான் உள்ள வந்தா, எங்க வாத்தியாரம்மா வந்தாச்சுன்னு சொல்லுவாங்க. கிண்டலா இல்லக்கா. எந்திரிச்சு நிக்கிற மாதிரி லேசா அசைவாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு.

ஆனா மெதுவு. அம்மாடி, அந்த மெதுவு. ஒரு எழுத்தத் தேடிக் கண்டுபிடிச்சு, விரல மேல தூக்கி, எறும்ப நசுக்குற மாதிரி வைப்பாங்க. மரஸ்கேலு ஒண்ணு வச்சிருப்பாங்க, அத ஸ்க்ரீன்ல வரிக்குக் கீழ பிடிச்சுக்கிடுவாங்க, ரிஜிஸ்டர்ல பிடிக்க மாதிரி. எந்த வரின்னு மாறிரக் கூடாதாம். டீச்சர், ஸ்கேல எடுங்க, ஸ்க்ரீன் கீறிரும்னு சொல்லிச் சொல்லி ஒரு நாள் பிடுங்கி பீரோ மேல போட்டேன். குட்டைன்னு சொன்னேன்ல, அவங்களுக்கு எட்டல. சிரிச்சாங்க.

கேட்டதையே கேப்பாங்க. திங்கக்கிழம சேமிக்கிறது எப்படின்னு கேப்பாங்க. இதுல சேமிக்க வேண்டாம், தானா சேமிச்சுக்கும்பேன். செவ்வாய்க்கிழமயும் கேப்பாங்க. புதனும் கேப்பாங்க. பக்கத்துல ஒவ்வொரு நாளும் வேற வேற டீச்சர் நிப்பாங்க, செல்லத்துரை சார் நிப்பாரு, தமிழம்மா நிப்பாங்க, என்னத்தையோ தேடுத மாதிரி. அவங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இவங்கதான் கேப்பாங்க. எனக்கு எரிச்சலா வரும். டீச்சர், உங்களுக்கு என்ன மறதியா, நேத்துத்தான சொன்னேன்னு கத்திருவேன். ஆமாட்டி, வயசாகுதுல்லா, இன்னொருக்கா சொல்லும்பாங்க. நான் சொல்லுவேன், பக்கத்துல நிக்கிறவங்க தலைய ஆட்டிட்டுப் போயிருவாங்க.

நான் ஒரு நோட்டு போட்டேன். சொன்னதையே திரும்பக் கேட்டா ஒரு கோடு. எல்லாருக்கும் ஒரு பக்கம். விளையாட்டுக்குத்தான். அவங்க பக்கத்துல மட்டும் நாப்பத்தேழு கோடு. மத்தவங்க பக்கமெல்லாம் வெறுசாக் கிடந்துச்சு, கேட்டாத்தான கோடு. ஒரு நாள் சின்னவர் பாத்துட்டு என்னதுன்னாரு. சொன்னேன். சிரிச்சுட்டுப் போனாரு.

காலாண்டுப் பரீட்ச வந்துச்சு. மார்க்க ஏத்தணும். ஏத்துனாத்தான் ராங்க் கார்டு அதுலயே அடிச்சு வரும். யாருக்கும் அவங்கவங்க பாஸ்வேர்ட் தெரியல. அப்பதான் ஆவுடைத்தங்கம் டீச்சர் சொன்னாங்க, எனக்கு டைப் அடிக்க வந்துருச்சு, நீங்க வாசிங்க, நான் அடிக்கேன்னு. ரிஜிஸ்டருக்கும் அப்படித்தான் செய்வாங்களாம், ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் எழுத. அவ்வளவுதான், எல்லாருக்கும் உசுரு வந்துருச்சு. பேப்பர்க் கட்டத் தூக்கிட்டு வரிசையா வந்தாங்க. செல்லத்துரை சார் வாசிப்பாரு, எழுபத்தி ரெண்டும்பாரு, எழுபத்தி ரெண்டு ரைட்டும்பாங்க இவங்க. மூணு நாளு. எல்லாக் கிளாஸ் மார்க்கும் அவங்க ஒரு ஆளு லாகின்ல ஏறுச்சு.

அப்படிச் செய்யக் கூடாது. எனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு லாகின் எதுக்குக் குடுத்திருக்கு? யாரு எழுதுனாங்கன்னு தெரியத்தான். ஆனா எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. முப்பத்தொரு பேருக்குச் சொல்லிச் சொல்லித் தொண்ட வத்திப்போச்சு. நானே அவங்க பாஸ்வேர்ட ஒரு துண்டுத் தாள்ல எழுதி கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒட்டுனேன். மூடவே வேண்டாம், தொறந்தே கிடக்கட்டும்னேன்.

ராங்க் கார்டு குடுத்த மறுநாள் காலைல பத்தாப்பு பியில இருபத்தோரு பிள்ளைக அழுதுட்டு நின்னுச்சு. எல்லாருக்கும் மார்க்கு மாறி வந்திருக்கு. ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி ஆளோட மார்க்கு. பேப்பர்ல எண்பத்தாறு இருக்கும், கார்டுல நாப்பது இருக்கும். அதக்கூட திருத்தி வேற கார்டு அடிச்சுக் குடுத்துறலாம். ஆனா வினோதினின்னு ஒரு பிள்ள. கணக்குல தொண்ணூத்தி ஒண்ணு. கார்டுல முப்பத்தி நாலு. அவங்கப்பா தறி ஓட்டுறவரு. பிள்ள பேப்பரக் காமிச்சிருக்கா. அவரு, கம்ப்யூட்டர்ல வந்தது பொய்யா இருக்குமா, நீதான் செவப்பு மைய வாங்கி மாத்தி எழுதியிருக்கன்னு அடிச்சிருக்காரு. தடுக்கப் போய் பிள்ளைக்கு இடது கையில ரெண்டு விரலு ஒடிஞ்சுருச்சு. கட்டுப் போட்ட கையோட அவங்கம்மா கூட்டிட்டு வந்து ஆபீஸ் முன்னாடி நிறுத்துனாங்க. அந்தம்மா சத்தம் போடல. பாருங்கன்னு மட்டும் சொன்னாங்க.

சின்னவர் ரூம்ல கூடுனோம். அவரு, ஹெச்.எம்., டீச்சர், நான். மாடசாமின்னு ஒரு பையன், பதினேழாம் நம்பர், காலாண்டு எழுதிட்டு டி.சி. வாங்கிட்டுப் போயிட்டான், அவங்கப்பாவுக்குத் திருப்பூர்ல வேல. அவன் பேர ஷீட்டுல இருந்து யாரோ எடுத்திருக்காங்க. வரிய எடுக்கல, பேர மட்டும் எடுத்திருக்காங்க. உங்களுக்கு இப்பச் சொன்னேன்ல, அதேதான். பதினெட்டுல இருந்து கடைசி வரைக்கும் எல்லாப் பேரும் ஒரு படி ஏறிருச்சு.

யாருன்னு சின்னவர் கேட்டாரு. பாக்கலாம் சார், இதுல ஒளிக்க முடியாதுன்னு நான்தான் தொறந்தேன். யாரு எத மாத்துனாங்கன்னு பட்டியல் வரும். வந்துச்சு. ஆவுடைத்தங்கம்னு இருந்துச்சு.

டீச்சர் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டுக் குனிஞ்சு பாத்தாங்க. நான் மாடசாமி பேர எடுத்த மாதிரி நெனப்பு இல்லையேன்னாங்க. 

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர், உங்க பேருதான் காட்டுது. இது பொய் சொல்லாது."

அவங்க என்னையப் பாத்தாங்க. சின்னவரப் பாக்கல, ஹெச்.எம்.மப் பாக்கல. என்னையத்தான். நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு.

"அப்போ நான்தான் செஞ்சிருப்பேன்" அப்படின்னாங்க.

உடனே சின்னவர், அந்தக் கோட்டு நோட்ட எடுத்துட்டு வான்னாரு. எடுத்துட்டு வந்தேன். கேட்டா குடுக்கத்தான செய்யணும், இருக்கறத இல்லைன்னா சொல்ல முடியும்? அவரு அவங்க பக்கத்தத் திருப்பி மேஜை மேல வச்சாரு. டீச்சர் ஒவ்வொரு கோடா விரல வச்சு எண்ணுனாங்க. மெதுவா. நாப்பத்தேழையும் எண்ணி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் சும்மா நின்னோம்.

சாயங்காலம் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. போகச் சொன்னாங்களா, அவங்களாப் போனாங்களான்னு கேட்டா, ஹெச்.எம். மாதிரி லெட்டர் ஒண்ணு வச்சிருந்தாங்க, டீச்சர் அதப் பாத்து எழுதுனாங்க. வினோதினி வீட்டுக்கும், மத்த வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துல இருந்து தாள் போச்சு. வகுப்பாசிரியரின் கவனக்குறைவால்னு. அத அடிச்சதும் நான்தான்.

கேளுங்க, இனிமேத்தான் இருக்கு.

ஒரு வாரம் கழிச்சு. அதே ஷீட்டுல வேற ஒண்ணு தேடிட்டு இருந்தேன். அந்தப் பட்டியல் திரும்பக் கண்ணுல பட்டுச்சு. ஆவுடைத்தங்கம். பக்கத்துல நேரம் இருந்துச்சு. வியாழக்கிழம, சாயங்காலம் அஞ்சு ரெண்டு.

புளியங்குடி வேன் நாலரைக்கு எடுத்துருவான். ஒரு நாளும் தவறாது. டீச்சர் இருபத்தாறு வருசமா அந்த வேனு. அஞ்சு ரெண்டுக்கு அவங்க வீட்டுல இருப்பாங்க.

அஞ்சு ரெண்டுக்கு ஸ்டாஃப் ரூம்ல யாரு இருந்தா? அப்பதான் ஞாபகம் வந்துச்சு. மொத்தமாவே மறந்துபோயிருந்துச்சுக்கா, சாமி சத்தியமா. அந்த வாரம் நாலு பிள்ளைக டி.சி. வாங்குனாங்க, வேற வேற கிளாஸ். க்ளார்க் அண்ணன் ஒரு சீட்டுல எழுதி எங்கிட்டக் குடுத்தாரு. எனக்கு அஞ்சு பத்துக்குப் பஸ். என் லாகினப் போட்டுத் தொறக்க ரெண்டு நிமிசம் ஆகும். இதுதான் தொறந்தே கிடக்கே. நின்னுட்டே செஞ்சேன். உக்காரக்கூட இல்ல. மூணு பேருக்கு வரிய எடுத்தேன், மாடசாமிக்குப் பேர எடுத்துட்டேன் போல. கீழ கடைசியில பேரில்லாம ஒரு வரி மார்க்கு மட்டும் நின்னுச்சு. போனவன் மார்க்கு எப்படியோ கீழ வந்து கிடக்குன்னு நெனச்சு அதையும் அழிச்சேன். பஸ்ஸப் பிடிச்சுட்டேன்.

அன்னைக்கு அந்த ரூம்ல நான் பேரப் பாத்தேன், நேரத்தப் பாக்கல. பக்கத்துலதான் இருந்துச்சு. பேருக்கும் நேரத்துக்கும் நடுவுல ஒரு விரக்கட எடமில்ல.

நேரா சின்னவர் ரூமுக்குத்தான் போனேன். ஒளிக்கல. சார், அது டீச்சர் இல்ல, நான்னேன். அவரு கதவச் சாத்தச் சொன்னாரு. எல்லா வீட்டுக்கும் தாள் போயாச்சு, அடங்கியாச்சு, இப்பப் போய் ஆபீஸ்ல தப்புன்னா அந்த விரல் ஒடிஞ்ச பிள்ள வீட்டுல என்ன சொல்லுவாங்க, பள்ளிக்கூடத்து மேலல்ல வரும்னாரு. அவங்களும் வயசானவங்க, வீட்டுல நிம்மதியா இருக்கட்டும், நீ சின்னப் பிள்ள, விடுன்னாரு. விட முடியாது சார்னேன். சரி, போன்னாரு. மறுநாள் காலைல என் ஐடி தொறக்கல. டீச்சர் ஐடி முன்னாடியே எடுத்தாச்சு. அந்தப் பட்டியல என்னால யாருக்கும் காமிக்க முடியாது இப்ப. போட்டோ எடுத்து வச்சிருக்கணும். கேட்டா எடுத்திருக்கலாம்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எடுக்கல. நம்ம சொன்னா நம்புவாங்கன்னு நெனச்சேன்.

அதான், மூணு நாலு வாரம் ஆனாலும், இன்னைக்கு நானே போனேன், புளியங்குடிக்கு.

அவங்க வீட்டுக்காரர் கதவத் தொறந்தாரு. தபால் ஆபீஸ்ல இருந்து ஓய்வு வாங்குனவரு. உள்ள போனா செவரெல்லாம் துண்டுத் தாளு ஒட்டியிருக்கு. டீச்சர் கையெழுத்து. கேஸ் அடைச்சாச்சா. மோட்டார் நிறுத்தியாச்சா. மாத்திர ராத்திரி ஒண்ணு. அழகா, கோணாம, போர்டுல எழுதுவாங்களே அந்த மாதிரி.

டீச்சர் அடுப்படியில இருந்து வந்தாங்க. எங்க வாத்தியாரம்மா வந்தாச்சுன்னாங்க. எளைச்சுப் போயிருந்தாங்க. உக்காருன்னாங்க, காப்பி போடுதேன்னாங்க. நான் உக்காரல. நின்னுட்டே எல்லாத்தையும் சொன்னேன். மாடசாமி, அஞ்சு ரெண்டு, வேன் நாலரை, என் பஸ், எல்லாம். ஒண்ணு விடல. கடைசியில டீச்சர், அத நான்தான் செஞ்சேன், உங்களுக்கு மறதி கிறதி ஒண்ணும் கிடையாதுன்னேன்.

முழுசாக் கேட்டாங்க. பாடம் ஒப்பிக்கறதக் கேக்குற மாதிரி, தலைய ஒரு பக்கம் சாய்ச்சுக்கிட்டு. முடிஞ்சதும் என் கையப் பிடிச்சாங்க.

"எனக்காகச் சொல்லுத. மனசு எனக்குத் தெரியுதுட்டி. ஆனா பொய் மட்டும் சொல்லாத இசக்கி. உன் வாய்க்கு அது நல்லால்ல."

அக்கா, நான் பொய்யே சொன்னதில்ல. பரீட்சையில பிட்டு வச்சிருக்கியான்னு கேட்டதுக்கு ஆமான்னு எடுத்துக் குடுத்தவ நான். அதுக்கு அவங்கதான் மேற்பார்வ. அவங்களுக்குத் தெரியும் அது.

எனக்குக் கோவம் வந்துருச்சு. டீச்சர் அந்த நாப்பத்தேழு கோட்டப் பத்திச் சொன்னாங்க. மொதல்ல செல்லத்துரை சாருக்காகக் கேட்டேன், தமிழம்மாவுக்காகக் கேட்டேன், அவங்கல்லாம் உங்கிட்டக் கேக்கக் கூச்சப்பட்டாங்க, அதனால நான் கேட்டேன்னாங்க. பெறகு பெறகு யாருக்காகக் கேக்கேன்னே தெரியல, எனக்கே தெரியாமத்தான் கேட்டேனோ என்னவோன்னாங்க. அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல டீச்சர், நான் கோடே போட்டிருக்க மாட்டேன்லன்னேன். அதுக்கு அவங்க, எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு, கடைசியில பெத்த மகளையே யாரும்மா நீன்னு கேட்டாங்கன்னாங்க. நாளைக்கு திருநெல்வேலிக்கு நரம்பு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போறேன்னு அவங்க வீட்டுக்கார சார் சொன்னாரு. அவரும் என்னையப் பொய் சொல்றவளாத்தான் பாத்தாரு. நல்ல மனசு உள்ள பொய்யின்னு.

நான் விடல. உங்களுக்கு மறதின்னா உங்க கிளாஸ் பேரச் சொல்லுங்க பாப்போம், வரிசையாச் சொல்லுங்கன்னேன். வேண்டாம்ட்டின்னாங்க. சொல்லுங்க டீச்சர், ஒரு பேரு விட்டாலும் நான் பொய் சொன்னேன்னு ஒத்துக்கிடுதேன், விடலன்னா நீங்க நாளைக்கு டாக்டர்ட்டப் போகக் கூடாதுன்னேன். நாற்காலியில நேரா உக்காந்தாங்க. கண்ண மூடிக்கிட்டாங்க.

ஒண்ணு அபிநயா. ரெண்டு ஆண்டனி. வருகைப்பதிவு கூப்பிடுற சத்தத்துலயே. நிக்கல. திணறல. அவங்க அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்தே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பதினாறு லட்சுமணன். பதினேழு மாடசாமி போயிட்டான், அதனால மகேஸ்வரி. சார் வாசல்ல நின்னவரு உள்ள வந்துட்டாரு. இருபது. இருபத்தி நாலு. அவங்க மூஞ்சியில லேசா ஒரு சிரிப்பு வந்துச்சு, பழைய சிரிப்பு. எனக்குத் தெரிஞ்சுது அக்கா, நம்பப் போறாங்கன்னு. இன்னும் பதிமூணு பேருதான். இருபத்தி ஏழு. இருபத்தி எட்டு சிவசங்கரன். இருபத்தி ஒம்பது சிவசக்தி.

"சிவசக்திதான் டீச்சர் முன்னாடி."

நான்தான் சொன்னேன். வாயில வந்துருச்சு. ரெட்டைப் பிள்ளைக அவங்க, ஒரு வயித்துல பத்து நிமிச வித்தியாசத்துல பொறந்தவங்க, லிஸ்ட்டுல சக்திதான் முன்னாடி. அவங்கம்மா மார்க்கு மாறுனதுக்கு மூணு நாளு வந்து ஆபீஸ்ல நின்னாங்க, அதனால எனக்கு அந்த ரெண்டு பேரும் நல்லாத் தெரியும். தப்பாச் சொன்னா சொல்ல வேண்டாமா?

டீச்சர் கண்ணத் தொறந்தாங்க. அந்தச் சிரிப்பு அப்படியே இருந்துச்சு. அதான் என்னால தாங்க முடியல. அழுதிருந்தாக்கூடப் பரவால்ல. ரொம்ப நாளா விடை வராத கணக்கு முடிஞ்ச மாதிரி பாத்தாங்க.

"பாத்தியா. இப்படித்தான் மாறியிருக்கும்" அப்படின்னாங்க.

இல்ல டீச்சர், இது வேற, அது வேறன்னு கத்துனேன். அது நான் செஞ்சதுன்னேன். மிச்சம் எட்டுப் பேருதான், சொல்லி முடிங்கன்னேன். கெஞ்சுனேன். நான் யார்ட்டயும் கெஞ்சுனது கிடையாது. அவங்க தலைய ஆட்டிட்டாங்க. சார் ஜன்னல் பக்கமாத் திரும்பி நின்னுட்டாரு.

பெறகு மெதுவா, ஸ்டாஃப் ரூம்ல சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி, மிச்சத்த நீ வாசிட்டி, நான் கேக்கேன்னாங்க.

அஞ்சு மாசம் தெனமும் தொறந்த ஷீட்டு அது. மேல கீழ எத்தன தடவ போயிருப்பேன். வாயத் தொறந்தேன் அக்கா. ஒரு பேரும் வரல.